பெரிய தாங்கலில் எத்தனை பறவை

"கும்மிடிப்பூண்டியா? அங்க புகைக்குழாய்தானே இருக்கும், பறவைக்கு என்ன சோலி?" என்று என் வீட்டுக்காரர் கேட்டபோது, போய்ப் பார்த்தால்தானே தெரியும் என்றேன். தென்காசியில் எங்களுக்கு ஒரு மருந்துக்கடை. வாரம் முழுக்க மாத்திரை எண்ணுவேன், ஞாயிற்றுக்கிழமை குளத்தங்கரையில் பறவை எண்ணுவேன். கையில் அள்ளினாலே பத்தா பன்னிரண்டா என்று சொல்லிவிடுவேன் என்பதால் பறவை விஷயத்திலும் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

பெரிய கூட்டத்தை யாரும் ஒன்று இரண்டு என்று எண்ணுவதில்லை. கூட்டத்தின் ஓர் ஓரத்தில் பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு அதே அளவுத் துண்டாக மொத்தக் கூட்டத்தையும் வெட்டிக்கொண்டே போக வேண்டும். கூட்டம் ரொம்பப் பெரிதென்றால் பத்துக்குப் பதில் நூறு. எங்கள் பறவை நண்பர்கள் குழுவில் கணக்கில் தகராறு வந்தால் படத்தை எனக்குத்தான் அனுப்புவார்கள். நான் ஒரு எண்ணைச் சொன்னால் அதோடு வாய் மூடிவிடும்.

அந்தக் குழுவில்தான் எஸ்தர் பழக்கம். சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. அவள் ஊரில் பெரிய தாங்கல் என்று ஓர் ஏரி இருக்கிறது. சின்ன ஏரியைத்தான் அந்தப் பக்கம் தாங்கல் என்பார்கள், இது மட்டும் பெரிதாக இருப்பதால் பெரிய தாங்கல். பொங்கல் முடிந்த கையோடு போன் செய்தாள்.

"அக்கா, நீங்க ஒருவாட்டி வந்து எண்ணிக் குடுத்துட்டுப் போயிடுங்கக்கா. நான் சொன்னா ஊர்ல ஒருத்தனும் நம்ப மாட்டேன்றான்."

விஷயம் இதுதான். தாங்கலில் பாதியைத் தூர்த்து லாரி நிறுத்துமிடம் கட்ட ஒரு கம்பெனி கேட்டிருக்கிறது. குடியரசு தினக் கிராமசபையில் அது தீர்மானத்துக்கு வருகிறது. சுற்றுவட்டாரத்தில் எல்லா போர்க்குழாயிலும் மஞ்சள் தண்ணீர் வந்துவிட்டது, தாங்கலை ஒட்டிய எஸ்தரின் தெருவில் மட்டும்தான் இன்னும் குடிக்கிற தண்ணீர் வருகிறது. அதைச் சொல்லிப் பார்த்தார்களாம். "வீட்டுக்கு வீடு கேன் தண்ணி போட்டுடறோம்" என்று கம்பெனிக்காரர்கள் சொன்னதும் அந்த வாதம் படுத்துவிட்டது. பறவை என்றால் வனத்துறை வரும், அதிகாரிகள் கொஞ்சம் யோசிப்பார்கள். "எத்தனை பறவைம்மா வருது?" என்று முன்னால் நடந்த ஒரு கூட்டத்தில் கேட்டிருக்கிறார் ஓர் அதிகாரி. எஸ்தர் ஐயாயிரம் என்றாளாம். கூட்டத்தில் இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள்.

சபைக்கு மூன்று நாள் இருக்கும்போது நான் போய் இறங்கினேன். சென்ட்ரலில் புறநகர் ரயில் பிடித்தபோது ஜன்னலோர இடம் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தேன். எண்ணூர் தாண்டியதும் அந்தச் சந்தோஷத்தைக் காற்று கொண்டுபோனது. குற்றாலத்துச் சாரல் காற்றில் வளர்ந்த மூக்கு இது. முதலில் அழுகிய முட்டை வாசனை, அப்புறம் தார், அப்புறம் எனக்குப் பெயர் தெரியாத ஏதோ ஒன்று. முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டேன். எதிரில் இருந்த பெண் அதே காற்றில் தன் குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள், அதுவும் சமர்த்தாகச் சாப்பிட்டது.

ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ. மூன்று பேர் உட்காரும் இடத்தில் எட்டாவது ஆளாக ஏறினேன், என் தொலைநோக்கியும் அதை மாட்டும் முக்காலியும் ஒன்பதாவது. கொஞ்ச தூரத்தில் வண்டி நின்றுவிட்டது. முன்னாலும் பின்னாலும் லாரி. நகர்வதாகத் தெரியவில்லை. டிரைவர் இறங்கிப் போய் டீ குடித்துவிட்டு வந்தார். "இது டெய்லி பேஜாருமா. இறங்கி நடந்தா நீ சீக்கிரம் போயிடுவ" என்று அவரே சொன்னார். முழுக் காசையும் வாங்கிக்கொண்டுதான் சொன்னார்.

நடந்தேன். வழியில் ஒரு டீக்கடையில் நின்று, தூரத்து மின்கம்பத்தில் இருந்த கழுகைப் பார்க்கலாமே என்று முக்காலியை விரித்துத் தொலைநோக்கியை மாட்டினேன். அவ்வளவுதான். எதிர்ச்சாரியில் தகரக் கொட்டகைகளில் இருந்து வடநாட்டுப் பையன்கள் சிலர் வெளியே வந்து இந்தியில் ஏதோ பேசிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் என்னிடமே வந்துவிட்டார்கள்.

"இன்னாமா, சர்வேக்கு வந்துகிறியா? எந்த நம்பர்ல இருந்து எடத்த எடுக்கறீங்க?"

பறவை பார்க்க வந்தேன் என்று சொன்னதை அவர்கள் நம்பவேயில்லை. அந்த ஊரில் முக்காலி என்றால் நிலம் அளப்பவர்கள்தான், அளந்தால் யாருக்கோ வீடு போகும். ஸ்கூட்டியில் என்னை அழைத்துப் போக வந்த எஸ்தர் அந்தப் பையன்கள் பேசியதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். கம்பெனியில் பழகிய இந்தி அவளுக்கு. ஒருவன், "இந்தம்மா போலீஸா?" என்று கேட்டானாம். இன்னொருவன், "இல்லை, இடிக்க வருகிறவர்கள். துணிமணியை எடுத்து வை" என்றானாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு தொலைநோக்கிக்கு ஒரு தெரு இப்படிப் பயப்படும் என்று நான் நினைத்ததே இல்லை.

எஸ்தரின் வீட்டில் எறா தொக்கும் சோறும். உறைப்பில் காது அடைத்தது. ஆந்திரா எல்லை பக்கம் என்பதை நாக்குதான் முதலில் எனக்குச் சொன்னது. வெயில் சாய்ந்ததும் தாங்கலுக்குப் போனோம்.

பார்த்த உடனே எனக்குப் பிடித்துப்போனது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பக்கம் கம்பெனிச் சுவர், மறுபக்கம் சுடுகாடு, நடுவில் அகலமாகத் தண்ணீர். தண்ணீருக்குப் பின்னால் ஆள் உயரச் சம்பங்கோரை, ஏரியில் பாதிக்கு மேல் அதுதான். திறந்த தண்ணீரில் நாமக்கோழிகள், நீலச்சிறகி வாத்துகள், கரையோரச் சேற்றில் உள்ளான்கள். கோரை ஓரத்தில் அரிவாள் மூக்கன்கள் இறங்கி உள்ளே மறைந்துகொண்டிருந்தன. நாங்கள் சத்தம் காட்டாமல் வேலமரத்தடியில் உட்கார்ந்தோம். பறவை பார்ப்பவர்களுக்கு முதல் பாடமே இதுதான்: இருக்கும் பறவையை எழுப்பக்கூடாது. கிட்டே போகக்கூடாது, கல் விடக்கூடாது, கைதட்டக்கூடாது. இந்த விதியை மீறியவர்களை நான் குழுவில் கிழித்துத் தோரணம் கட்டியிருக்கிறேன்.

மூன்று முறை எண்ணினேன். ஆயிரத்து இருநூற்று நாற்பது. கோரைக்குள் இறங்கியதில் கண்ணில் பட்டதையும் சேர்த்துத்தான் இந்த எண். உட்கார்ந்த இடத்திலேயே போனை எடுத்து, பறவைக் கணக்குப் போடும் இணையதளத்தில் ஏரியின் பெயரோடும் என் பெயரோடும் ஏற்றிவிட்டேன். எப்போதும் அப்படித்தான் செய்வேன், சூடு ஆறக்கூடாது என்று.

எஸ்தரிடம் சொன்னதும் அவள் முகம் செத்துப்போனது.

"அவ்ளோதானாக்கா?"

"அவ்வளவுதாம்மா. நீ ஐயாயிரம்னு எப்படிச் சொன்ன? எங்க இருக்கு ஐயாயிரம், எனக்குக் காட்டு பாப்போம்."

"அந்தச் சம்புக் கோரைக்குள்ள இருக்குதுக்கா. உள்ள எவ்ளோ இருக்கும்னு ஒரு குத்துமதிப்பா..."

"குத்துமதிப்பாவா? பாத்ததத்தாம்மா எழுதணும். பாக்காததுக்கெல்லாம் நம்பர் போட்டா அதுக்குப் பேரு பொய்யில்லாம என்ன?"

அதுவரை 'நீங்க' என்று சொல்லிவந்தவள் 'நீ'க்கு வந்துவிட்டாள். "நான் பொய் சொல்றேன்றியாக்கா? ஊர்ல சிரிச்சாங்க, சரி. நீயும் சிரிக்கத்தான் அவ்ளோ தூரத்துல இருந்து வந்தியா? ஆயிரத்து சொச்சம்னு சொன்னா இன்னா சொல்லுவான் தெரியுமா? பாதி ஏரியே போதும்மா, உன் வாத்துக்கு அது தாராளம்னு சொல்லுவான். நாளிக்கு என் புள்ளைக்கு எந்தத் தண்ணிய குடுப்பேன் நானு?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் இல்லாததை எழுத என் கை வராது என்று சொல்லிவிட்டேன். அவள் விறுவிறுவென்று முன்னால் நடந்தாள், நான் முக்காலியை மடக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

மறுநாள் காலை நாஷ்டாவுக்கு இட்லியும் வடகறியும். எங்கள் ஊரில் வடை மிஞ்சினால் மாட்டுக்குப் போகும், இங்கே அதை வைத்து இப்படி ஒரு குழம்பு வைக்கிறார்கள். கோபத்தோடு கோபமாக ஏழு இட்லி உள்ளே போனது. எஸ்தர் அதைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தாள். சமாதானம் வரும் போலிருந்தது, அதற்குள் அவள் போன் அடித்தது. அவளுடைய பெரியப்பா போய்விட்டார்.

அடுத்த தெருதான். எஸ்தரின் அப்பா காலத்தில் அவர்கள் குடும்பம் மாதா கோயிலுக்குப் போய்விட்டது. பெரியப்பா மட்டும் கடைசிவரை ஆடி மாசம் பெரியபாளையத்துக்குப் பொங்கல் வைக்கப் போய்க்கொண்டிருந்தாராம். அண்ணன் பக்கம் பவானியம்மன், தம்பி பக்கம் மாதா, ஆனால் கிறிஸ்துமஸ் கேக்கும் ஆடிக் கூழும் வீடு மாறிப் போய்க்கொண்டேதான் இருந்தன என்று எஸ்தர் அழுதுகொண்டே சொன்னாள்.

பெரியப்பா மகன் சேகர். நெடுஞ்சாலையில் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். லாரி நிறுத்துமிடம் வரவேண்டும் என்று கேட்டவர்களில் முதல் ஆள் அவன். லாரி வந்தால்தானே டயர் வரும். இதனால் எஸ்தரும் அவனும் மாசக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்று அவளைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டு, "போயிட்டாரும்மா நைனா" என்று கதறினான்.

மதியத்துக்குள் பந்தல் போட்டாயிற்று, மேளம் வந்தாயிற்று, பூப்பாடை கட்ட ஆரம்பித்தாயிற்று. அப்போதுதான் பார்த்தேன், வாசலில் மூட்டை மூட்டையாகச் சரவெடி. எங்கள் பக்கமும் சாவுக்கு வேட்டு உண்டுதான். இந்த அளவுக்கு ஒரு தீபாவளிக் கடையையே நான் ஒரு சாவு வீட்டில் கண்டதில்லை. மேலும் விசாரித்தேன். சுடுகாட்டுக்குப் பாதை தாங்கல் கரை மேல்தான். எடுப்பது சாயங்காலம். பறவைகள் அடைய வரும் அதே நேரம்.

எஸ்தரைத் தனியாக அழைத்துச் சொன்னேன். சபைக்கு முன்னால் இருப்பது இன்றும் நாளையும்தான், இன்று வெடித்தால் நாளைக்கும் பறவை வராது, கரை மேல் மட்டும் வெடி வேண்டாம் என்று சொல்லிப் பாரேன் என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"செத்த ஊட்ல போய் வெடி போடாதன்னு சொல்லச் சொல்றியா? அதுவும் நானு? ஏரி விஷயமா அவன்கூட சண்ட போட்டவ? ஊரே காறித் துப்பும்க்கா."

சும்மா இருந்திருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்காது. நேரே சேகரிடம் போனேன். "தம்பி, கரைப்பக்கம் மட்டும் வெடி இல்லாம கொண்டுபோகலாமா?" என்று முடிந்தவரை பதமாகத்தான் கேட்டேன். கையில் இருந்த தர்ப்பையை அவன் கசக்கினான்.

"எங்கப்பா இன்னா ரோட்ல அடிபட்ட நாயா மேடம், சத்தமில்லாம எடுத்துனு போறதுக்கு?"

அங்கிருந்த நாலைந்து பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு தாங்கலுக்கு நடந்தேன்.

பெண்கள் சுடுகாட்டுக்கு வரமாட்டார்கள், தெருமுனையோடு நின்றுவிடுவார்கள். அதனால் எஸ்தர் வரவில்லை. வேலமரத்தடியில் நான் தனியாக இருந்தேன். எண்ண ஆரம்பித்தேன், நேற்றைய அதே கணக்குதான் வந்துகொண்டிருந்தது. தூரத்தில் மேளச்சத்தம் கிளம்பியது. எல்லாம் கெட்டது, இந்தச் சனங்களுக்குச் சொன்னால் புரியுமா என்று வாய்விட்டே திட்டினேன். பறவைகள் பறந்துபோவதையாவது படம் எடுத்து வைப்போம், வெடியால் என்ன ஆகிறது என்று குழுவில் காட்டலாம் என்று கேமராவைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

ஊர்வலம் கரை ஏறியது. முன்னால் மேளக்காரர்கள், ஆடிக்கொண்டு சில பேர், கொள்ளிச்சட்டியோடு சேகர், பின்னால் பூப்பாடை. கோரைக்கு நேர் எதிரே வந்ததும் ஒருவன் ஓடிப்போய் நீளமான சரத்தைக் கரையில் விரித்துப் பற்றவைத்தான்.

முதல் வெடிக்குத் தண்ணீரில் இருந்தவை எழுந்தன. அது நான் எதிர்பார்த்ததுதான். அடுத்த நொடி கோரை எழுந்தது. இப்படித்தான் சொல்ல வருகிறது, வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை. அந்தப் பச்சை முழுவதும் உள்ளிருந்து கிழிந்து மேலே வந்தது. சீழ்க்கையடித்துக்கொண்டு வாத்துகள், அவற்றுக்கு மேல் கறுப்பாக அரிவாள் மூக்கன்கள், அதற்கும் மேல் கொக்குகள், நடுவில் நான் இனம் காண நேரமில்லாத என்னென்னவோ. ஒரு படலம் எழுந்து முடிந்தது என்று நினைத்தால் அதே இடத்திலிருந்து அடுத்தது கிளம்பியது. சரவெடி இன்னும் வெடித்துக்கொண்டிருந்தது, புகை தெரிந்தது, ஆனால் எனக்கு வெடிச்சத்தம் கேட்கவில்லை. சிறகுச்சத்தம்தான் காது முழுக்க.

எண்ணப் பார்த்தேன். நூறு நூறாக வெட்டப் பார்த்தேன். கட்டைவிரலை நீட்டி, ஒரு விரலுக்கு நூறு என்று வைத்து, ஏழு, எட்டு... எந்த இடத்தில் ஆரம்பித்தேன் என்பதே தெரியவில்லை. தலைக்கு மேலே வந்தபோது வெளிச்சம் குறைந்தது. இருபது வருஷமாகப் பறவை பார்க்கிறவள் நான், அன்றைக்குப் பயந்துபோனேன். கேமராப் பொத்தானை அழுத்திய விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தேன்.

வெடி ஓய்ந்தபோதுதான் கரையைப் பார்த்தேன். மேளம் நின்றிருந்தது. ஆடியவர்கள் அசையவில்லை. பாடை சுமந்தவர்கள் அதைத் தோளிலிருந்து இறக்கிக் கரை மேலேயே வைத்துவிட்டு, கழுத்தை ஒடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்து நின்றார்கள். பறவைகள் இரண்டு சுற்றுச் சுற்றி, பழவேற்காடு பக்கமாகப் போயின. கடைசிப் பறவையும் கண்ணுக்கு மறைந்தது. பிறகு யாரோ கனைத்தார்கள். பாடையை எடுத்துக்கொண்டு, மேளமும் இல்லாமல் வெடியும் இல்லாமல், மிச்ச தூரம் நடந்து போனார்கள்.

தாங்கலில் ஒன்றுகூட இல்லை.

மறுநாள் எஸ்தரும் நானும் அவளுடைய மடிக்கணினியில் படங்களைப் போட்டு உட்கார்ந்தோம். இருப்பதிலேயே தெளிவான ஒரு படத்தை எடுத்து, அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு பறவைக்கும் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வந்தோம். அவள் கம்பெனியில் நாள் முழுக்கக் கீறல் தேடுகிறவள், ஒன்றையும் விடவில்லை. ஐயாயிரத்தைத் தாண்டியபோது நான் அவளைப் பார்த்தேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஏழாயிரம் தாண்டியபோது அவளும் பயந்த முகத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்பதாயிரத்துச் சொச்சத்தில் அந்தப் படம் முடிந்தது. படத்துக்குள் வராமல் ஓரத்தில் வெட்டுப்பட்டவை எத்தனையோ.

"எனக்கே தெரியாதுக்கா. சத்தியமா ஐயாயிரம்னே கொஞ்சம் ஏத்தித்தான் சொன்னேன்" என்றாள்.

ஏழில் ஒரு பங்குகூட நான் எண்ணவில்லை. பறவையை எழுப்பாதே என்ற விதியைக் கட்டிக்கொண்டு அழுததால், எழுந்தால் எவ்வளவு இருக்கும் என்பது அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. இத்தனை வருஷமாக எங்கள் ஊர்க் குளங்களில் நான் வாய் கிழியச் சொன்ன எண்களை எல்லாம் நினைத்துக்கொண்டேன்.

குடியரசு தினத்தன்று பள்ளிக்கூட மைதானத்தில் கொடி ஏற்றி, மிட்டாய் கொடுத்து, அங்கேயே சபையைக் கூட்டினார்கள். எஸ்தர் எழுந்து, எண்ணியவள் இவள்தான் என்று என்னைக் காட்டி, ஒன்பதாயிரம் என்றாள். ஊராட்சித் தலைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கம்பெனிக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு தாளைச் சபைக்கு வந்திருந்த அதிகாரியிடம் நீட்டினார். அதிகாரி அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மேடம், நீங்கதானே இது? இந்த ஏரியில ஆயிரத்து இருநூத்தி நாப்பதுன்னு மூணு நாள் முன்னாடி உங்க பேர்லயே போட்டிருக்கீங்களே?"

நானே ஏற்றியது, உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். படத்தைக் காட்டினேன். கோரைக்குள் இருந்தது தெரியவில்லை, வெடிச்சத்தத்தில்தான் தெரிந்தது என்று விளக்கினேன். என் தமிழ் அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது, பின்வரிசையில் ஒரு சிரிப்பு. அதிகாரி பொறுமையான மனிதர்தான், எழுந்து எங்களோடு கரைவரை வந்து பார்த்தார். நாலைந்து நாமக்கோழிகள் நீந்திக்கொண்டிருந்தன.

"எங்க மேடம் ஒன்பதாயிரம்?"

"போயிட்டுதுவ சார்."

"படத்துல வெறும் வானந்தான் இருக்கு. எந்த ஊரு வானம்னு நான் எப்படி எழுதறது?"

அவர் கேட்டதில் தப்பில்லை. மைதானத்துக்குத் திரும்பினோம். எஸ்தர் என் பக்கம் பார்க்கவேயில்லை. தீர்மானத்தை வாசிக்கச் சொல்லித் தலைவர் கையைக் காட்டினார்.

"தலைவரே, ஒரு நிமிசம்."

பள்ளிக்கூடக் கேட்டுக்கு வெளியே மொட்டைத் தலையோடு சேகர் நின்றிருந்தான். எல்லோரும் திரும்பினார்கள். கருமாதி முடியாமல் அவன் வீட்டைவிட்டு வந்ததே பெரிசு.

"நான் உள்ள வரல, தீட்டு. இங்கியே நின்னு சொல்லிடறேன். லாரி ஷெட்டு வரணும்னு மொத கையெழுத்துப் போட்டது நான்தான். லாரி வந்தா நாலு டப்பு வரும்னுதான், வேற இன்னா? முந்தாநாளு எங்கப்பாவ அந்தக் கரை மேலதான் எடுத்துனு போனோம். சரத்தக் கொளுத்தச் சொன்னதும் நான்தான். இத்தினின்னு எண்ணிச் சொல்ல எனக்குத் தெரியாது சார். தூக்கினு வந்தவனுங்க பாடைய கரை மேல எறக்கி வச்சிட்டானுங்க. நடு வழியில எறக்கக்கூடாது, சுடுகாட்டு மேடை வந்தாத்தான் எறக்கணும். எறக்கிட்டானுங்க, நானும் ஒண்ணும் சொல்லல. கொள்ளிச்சட்டிய கையில வச்சினு, பெத்தவன தரையில போட்டுட்டு, மேல பாத்துனு நின்னேன் சார் நானு."

அதிகாரிக்கு வெளியூர், அவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிந்திருக்காது. தலைவருக்குப் புரிந்தது. முகம் மாறி எழுந்து நின்றார்.

"பாடைய எறக்கினதா? யாருய்யா தூக்குனது?"

பின்வரிசையில் ஒரு கை எழுந்தது. இன்னொன்று. மூன்றாவது ஆள் அந்தக் கம்பெனியிலேயே வேலை செய்கிறவன், அவனும் தலையைக் குனிந்துகொண்டு கையைத் தூக்கினான். நான்காவது கை எழுந்ததும் தலைவர் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தம்மா சொல்ற நம்பரையே எழுதிக்குங்க சார்" என்றார்.

அதிகாரி என்னைக் கேட்டார். ஒன்பதாயிரத்துக்குக் குறையாது, அதற்கு மேல் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார். வனத்துறை வந்து பார்க்கும்வரை ஏரியில் கை வைப்பதில்லை என்று தீர்மானத்தை மாற்றி எழுதி வாசித்தார்கள். கம்பெனிக்காரர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

எஸ்தர் கேட்டுக்கு ஓடினாள். சேகர் தீட்டு தீட்டு என்று பின்னால் போனான். எனக்கென்ன தீட்டு என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் போய் நின்றேன். சாவு வீட்டில் கேட்டதற்கு மன்னிப்புச் சொல்ல வாயெடுத்தேன், அவன் அதைக் காதில் வாங்கவில்லை.

"மேடம், அதுங்க திரும்பி வருமா?"

எதைக் கேட்டாலும் டக்கென்று ஒரு எண்ணைச் சொல்கிறவள் நான்.

"தெரியலியேய்யா" என்றேன்.

அவன் தலையை ஆட்டிவிட்டு, வீட்டுப்பக்கம் திரும்பாமல், தாங்கலைப் பார்க்க நடந்தான்.